சோர்ஸிலிருந்து ஒரு ஷெல், மாப்பிள்ளை மேல் ஒரு பிராது

செராமிக் எஸ்டேட்,
விருத்தாசலம்.
மாசி மாதம், வெள்ளிக்கிழமை.

மரியாதைக்கும் பிரியத்துக்கும் உரிய மாப்பிள்ளை பிரேம்நாத் அவர்களுக்கு,

உங்கள் மாமனார் தெய்வநாயகம் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தை வாசுகியும் பழமலைநாதர் புண்ணியத்தில் சுகம். அங்கு பெல்ஜியத்தில் நீங்களும், ஏழு மாத வயிற்றோடு இருக்கும் எங்கள் பெண் தமிழினியும் சுகமாக இருக்க வேண்டும். இருக்கிறீர்கள்தானே? இதை நான் வழக்கத்துக்காகக் கேட்கவில்லை மாப்பிள்ளை, நிஜமாகவே கேட்கிறேன். கன்னத்து வீக்கம் வடிந்ததா? முழங்கால் மடக்க வருகிறதா? இந்தக் கடிதம் கிடைத்த நிமிஷத்திலிருந்து சைக்கிளைத் தொட வேண்டாம். பனியில் நடக்க வேண்டாம். ரோட்டைத் தாண்டும்போது இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மறுபடி ஒரு தடவை பார்க்கவும். மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே இறங்கவும். ஏன் என்று கீழே எழுதியிருக்கிறேன். போனில் சொல்லலாமே என்று நினைப்பீர்கள். உங்கள் வீட்டில் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறீர்கள், இது தமிழினி காதில் விழக் கூடாத விஷயம். அதனால்தான் கைப்பட எழுதி, போட்டோ எடுத்து, உங்கள் வாட்ஸப்புக்கு மட்டும் அனுப்புகிறேன். படித்ததும் அழித்துவிடவும்.

பொங்கலுக்கு வந்தபோது நம் பீங்கான் சூளை ரூமில் கிடந்த பழைய கம்ப்யூட்டரைத் துடைத்து லினக்ஸ் போட்டீர்கள். சூளைக்குள் கம்பி விட்டுச் சூட்டை அளந்து, தானே கேஸைக் கூட்டிக் குறைக்கும் புரோகிராம் எழுதுவதாகச் சொன்னீர்கள். "மாமா, இது ஓடிட்டா நீங்க சூளைப் பக்கத்துலயே உட்காந்திருக்க வேண்டாம். ஃபோர்மேன் சேரன் பாத்துக்குவாரு. நீங்களும் அத்தையும் பிரசவத்துக்கு வந்து மூணு மாசம் இருக்கலாம்" என்றீர்கள். உங்கள் அத்தை அன்றைக்கே சூட்கேஸை இறக்கித் துடைத்துவிட்டாள். நடுவில் எங்கோ இறங்கி வேறு ஏரோப்ளேன் மாற வேண்டும் என்று கேட்டதிலிருந்து தனியாகப் போக அவளுக்குப் பயம். நான் போனால்தான் அவள் போவாள். நான் இல்லாமல் சூளை எரியுமா என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அந்த ஊருக்குப் போனதும் நீங்கள் போன் செய்து, புரோகிராம் தயார், ஆனால் அதற்கு இசட்-ஷெல் என்று ஒரு பேக்கேஜ் கட்டாயம் வேண்டும், கம்ப்யூட்டர் பழசு என்பதால் ரெடிமேடாகக் கிடைக்காது, சோர்ஸிலிருந்து நாமே கட்டிக்கொள்ள வேண்டும் என்றீர்கள். தூரத்திலிருந்தே உள்ளே வந்து போட்டுவிடலாம் என்று நீங்கள் முயற்சி செய்தபோதெல்லாம் எங்கள் எஸ்டேட் இன்டர்நெட் செத்துப்போனது. ஷெல் என்றால் என்ன என்று கேட்டேன். நாம் தட்டுகிற உத்தரவை வாங்கி உள்ளே போய்ச் சொல்லி வேலை வாங்குகிற ஆள் என்றீர்கள். அதாவது எங்கள் சேரன். புரிந்தது. சோர்ஸ் என்றால், கலந்த மண்ணை மூட்டையாக வாங்காமல் களிமண், குவார்ட்ஸ் எல்லாவற்றையும் நாமே அரைத்துக் கலப்பது. அதுவும் புரிந்தது. ஒரு பக்கத்துக்கு வழிமுறை எழுதி அனுப்பி, "பத்து நிமிஷ வேலை மாமா" என்று வேறு சொன்னீர்கள். அந்தப் பத்து நிமிஷம் இன்றைக்குத்தான் முடிந்தது.

முதல் நாள் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரப் போகும்போதே கால் கட்டைவிரல் சூளைத் தட்டில் இடித்து நகம் பெயர்ந்தது. அது கிடக்கட்டும். உங்கள் வழிமுறையில் ஒரு வரி புள்ளியில் ஆரம்பிக்கிறது. புள்ளி வாக்கியத்தின் கடைசியில்தான் வரும், முதலில் வராது என்று எனக்குப் பள்ளிக்கூடத்தில் அடித்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பிரிண்ட் எடுத்த கடையில் மை தெறித்திருக்கிறது என்று முடிவு கட்டி அதை விட்டுவிட்டு மிச்சத்தைத் தட்டினேன். அப்படி ஒரு ஃபைலே இல்லை என்றது கம்ப்யூட்டர். கண்ணெதிரே இருக்கிறதே என்றேன் நான். இல்லை என்றது. மதியச் சாப்பாடு ஆறிப்போகிற வரைக்கும் இதே வாக்குவாதம். உங்கள் அத்தை தட்டை எடுத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். "மையா இருந்தா நகத்தால சொரண்டிப் பாருங்க, போயிடும்" என்றாள். சுரண்டினேன். காகிதம் ஓட்டையானதுதான் மிச்சம். "அதையும் சேத்துத் தட்டித்தான் பாருங்களேன், காசா பணமா?" என்றாள். தட்டினேன், ஓடியது. இதை அவள் எஸ்டேட் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

ஓடியது என்றால், எங்கள் கம்ப்யூட்டரில் என்னென்ன இருக்கிறது என்று சோதிக்க ஆரம்பித்தது. அது இருக்கிறதா, இருக்கிறது. இது இருக்கிறதா, இல்லை. உங்கள் ஜாதகத்தையும் தமிழினி ஜாதகத்தையும் வைத்துக்கொண்டு திட்டக்குடி ஜோசியர் பத்துப் பொருத்தம் பார்த்த அன்றைக்குக்கூட எனக்கு நெஞ்சு இப்படி அடித்துக்கொள்ளவில்லை. கடைசியில் ஏதோ ஒரு லைப்ரரி (புஸ்தகம் இல்லையாம், ஷெல்லுக்கு வேண்டிய துணைச் சரக்காம்) இல்லை என்று சொல்லி, எர்ரர் என்று போட்டு நின்றேவிட்டது. அந்த நேரம் பார்த்து நீங்கள் போன் செய்து "என்ன மாமா, முடிஞ்சுதா?" என்றீர்கள். "ஓடிக்கிட்டிருக்குது மாப்ள, சுலபமாத்தான் இருக்குது" என்று வாய் கூசாமல் சொன்னேன். மாமனார் என்ற மரியாதை ஒன்று இருக்கிறதல்லவா? அப்படிப் பேசிக்கொண்டே நடந்ததில் போன் நழுவிப் பொம்மைக்குப் பூசுகிற கிளேஸ் வாளியில் விழுந்தது. பேச்சு பாதியில் நின்றது அதனால்தான். போன் இப்போது வெள்ளைவெளேரென்று பார்க்க நன்றாக இருக்கிறது, பேசத்தான் மாட்டேன் என்கிறது. அது கிடக்கட்டும்.

மறுநாள் மங்கலம்பேட்டையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பாயைப் பார்க்கப் போனேன். வழியில் ஸ்கூட்டர் பஞ்சர். மண்டை பிளக்கிற வெயிலில் தள்ளிக்கொண்டே போனேன், அது கிடக்கட்டும். பாய் தங்கமான மனிதர். உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து, நான் எழுதிக்கொண்டு போன எர்ரரைப் படித்தார். "லினக்ஸா அண்ணே? எதுக்கு இந்தத் தலைவலி? மொத்தமா அழிச்சிட்டு விண்டோஸ் போட்டுடலாம், சாயங்காலம் வந்து எடுத்துக்குங்க" என்றார். "மாப்பிள்ளை போட்டது பாய்" என்றேன். "அய்யய்யோ, அப்ப நான் தொடல" என்று காகிதத்தை மடித்து என் சட்டைப் பையிலேயே திருப்பிச் செருகிவிட்டார். மாப்பிள்ளை செய்ததில் கை வைக்கக் கூடாது என்பது எல்லா மதத்துக்கும் பொது போலிருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கோபப்படாமல் படிக்கவும். எல்லாக் கதவும் சாத்திவிட்டால் விருத்தாசலத்துக்காரன் எங்கே போவான்? மணவாளநல்லூர் முருகன் கொளஞ்சியப்பரிடம் போவான். உங்கள் நாகர்கோவில் பக்கம் இந்த வழக்கம் கிடையாது என்பதால் சொல்கிறேன். மாடு காணாமல் போனாலும் சரி, பங்காளி வரப்பை வெட்டினாலும் சரி, நாங்கள் குறையை ஒரு காகிதத்தில் எழுதி, சாமி காலடியில் வைத்து வாங்கி, அங்கே முனியப்பர் சன்னதியில் கட்டிவிட்டு வருவோம். அதற்குப் பிராது என்று பெயர். மூன்று நாள், இல்லாவிட்டால் மூன்று வாரம், மிஞ்சினால் மூன்று மாதம், அதற்குள் சாமி விசாரித்துத் தீர்த்துவைப்பார் என்பது எங்கள் நம்பிக்கை. குறை தீர்ந்ததும் போய் ராஜினாமா கொடுத்துப் பிராதை வாபஸ் வாங்கிக்கொள்ள வேண்டும். போலீஸில் பேர் கொடுத்தால்கூடத் தூங்குகிறவன், கொளஞ்சியப்பரிடம் பேர் போய்விட்டது என்று தெரிந்தால் தூங்க மாட்டான். உங்கள் அத்தையையும் கூப்பிட்டேன். "நான் இப்பத்தான் போயிட்டு வந்தேன், நீங்க போங்க" என்றாள்.

சத்தியமாக நான் எழுத உட்கார்ந்தது உங்கள் மேல் இல்லை. லைப்ரரி இல்லை என்று சொன்ன அந்த எர்ரர் மேல்தான். பக்கத்தில் ராஜமாணிக்கம் என்று கருவேப்பிலங்குறிச்சிக்காரர் ஒருவர், தண்ணி மோட்டாரை எவனோ கழற்றிக்கொண்டு போனதற்குப் பிராது கட்ட வந்தவர், என் காகிதத்தை எட்டிப் பார்த்தார்.

"என்னங்க, எதிராளி பேரே போடல? சாமி யாருன்னு போயித் தேடும்?"

"எதிராளி கம்ப்யூட்டருங்க."

"கம்ப்யூட்டருக்கு அப்பா பேரு, ஊரு ஒண்ணும் கெடையாதே. இந்த வேலைய ஆரம்பிச்சு வச்சது யாருங்க?"

"மாப்பிள்ளைங்க. வெளிநாட்டுல இருக்காரு."

"அப்ப அவரு பேரப் போடுங்க. சாமி அவரப் புடிச்சு, அவரு மூலமா மத்தவங்களப் புடிச்சுக்கும்."

அந்த இடத்தில், அந்தக் கூட்டத்தில், அது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. போட்டுவிட்டேன். உங்கள் பெயர், சம்பந்தி பெயர், பெல்ஜியம் விலாசம், கதவு எண் உட்பட ஒன்று விடாமல். பூஜையாகி, விபூதியோடு மடித்துக் கட்டியும் ஆகிவிட்டது. வெளியே வந்தால் என் செருப்பைக் காணோம். வெறுங்காலோடு பஸ் ஏறினேன், அது கிடக்கட்டும். பஸ் ஊருக்குள் பாலக்கரைக்கு வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அடப் பாவி மனுஷா, எதிராளி என்ற இடத்தில் அல்லவா பெற்ற பெண்ணின் புருஷனை எழுதிவிட்டு வந்திருக்கிறாய்!

அன்றைக்குச் சாயங்காலமே உங்கள் அத்தை போனில் தமிழினி. "அப்பா, அவருக்குப் பல்லு வலிப்பா, கன்னம் இட்லி மாதிரி வீங்கிப்போச்சு" என்றாள். மத்தியானம் கட்டிய பிராதுக்குச் சாமி சாயங்காலமே பெல்ஜியம் போய்விட்டாரா? நமக்கெல்லாம் விசாவுக்கு எத்தனை அலைச்சல்! உங்கள் அத்தையிடம் மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டாள்.

"பொண்ணு வாயும் வயிறுமா இருக்கிறப்ப மாப்பிள்ள மேலயே பிராது கட்டிட்டு வந்த மனுசன் இந்த ஜில்லாவுலயே நீங்க ஒருத்தருதான்!"

"வாபஸ் வாங்கிடட்டுமா?"

"கொற தீராம எப்பிடி ராஜினாமா குடுப்பீங்க? சாமிய என்னா வெளயாட்டுக்கா கூப்ட்டீங்க? போயி மொதல்ல அந்த ஷெல்லப் போடுங்க."

ஆகவே நிலைமை இதுதான் மாப்பிள்ளை. அந்தப் பேக்கேஜ் ஏறினால்தான் நீங்கள் தப்புவீர்கள் என்றாகிவிட்டது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போய் உட்கார்ந்து, அந்த எர்ரரைக் கடைசி வரை படித்தேன். இத்தனை நாளும் பயத்தில் முதல் வரியோடு நிறுத்தியிருந்திருக்கிறேன். கீழேயே, இல்லாத லைப்ரரி எந்தப் பெயரில் கிடைக்கும் என்று அதுவே சொல்லியிருக்கிறது. ஏதாவது இல்லை என்றால் இப்படி இறக்கவும் என்று நீங்களும் அடியில் எழுதித்தான் இருக்கிறீர்கள். நல்லவேளை, அன்றைக்கு இன்டர்நெட் உயிரோடு இருந்தது. இறக்கும்போது பாஸ்வேர்டு கேட்டது. தட்டினால் திரையில் ஒன்றும் விழவில்லை. கீபோர்டு செத்துவிட்டது என்று கவிழ்த்து உதறினேன், ஒரு கைப்பிடி பீங்கான் தூள் கொட்டியது. அப்புறம்தான் பாஸ்வேர்டு கண்ணுக்குத் தெரியாது என்று நீங்கள் அதற்கும் ஒரு வரி எழுதியிருந்ததைப் பார்த்தேன். எல்லாம் எழுதியிருக்கிறீர்கள், நான்தான் படிக்கவில்லை.

மறுபடி பொருத்தம் பார்த்தது, இந்த முறை தடங்கல் இல்லை. அடுத்து 'மேக்' என்று தட்டினேன். எழுத்தெல்லாம் மளமளவென்று ஏற, கம்ப்யூட்டர் சூடாகி, உள்ளே ஃபேன் இரைந்தது. சூளையில் தீ பிடித்து ஏறுகிற அதே இரைச்சல். அப்பாடா, ஒரு வழியாக எனக்குத் தெரிந்த வேலைக்கு வந்து சேர்ந்தோம் என்று தைரியம் வந்தது. கொஞ்ச நேரத்தில் ஓட்டம் நின்றது. எர்ரர் இல்லை. டப்பா மேல் கை வைத்தேன், சுட்டது. இங்கே நான் செய்ததை நீங்கள் எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் சொல்லுங்கள், எங்கள் எஸ்டேட்டில் ஒருத்தரும் தப்பு என்று சொல்ல மாட்டார்கள். சுட்டு முடித்த சூளையை எவனாவது உடனே திறப்பானா? சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டு அத்தனை சரக்கும் கீறல் விட்டுவிடும். மேக் முடிந்ததும் 'மேக் இன்ஸ்டால்' தட்டவும் என்றுதான் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், ஆற வைக்கக் கூடாது என்று எங்கேயும் எழுதவில்லை. ஆற வைத்தேன். ரூம் மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, சரக்கு ஆறுகிறது, தொடாதே என்று சாக்பீஸால் கதவில் எழுதிவிட்டு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். சேரன்கூட வந்து குரலைத் தாழ்த்தி, "நல்லா வந்திருக்குதாண்ணே?" என்று கேட்டான். "தொறந்தாத்தான் தெரியும்" என்றேன். உங்கள் அத்தை மட்டும், "கம்ப்யூட்டர ஆற வைக்கிற ஆள இப்பத்தான் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் தொட்டுப் பார்த்தேன், சூடு. மத்தியானம் தொட்டேன், அதே சூடு. சின்ன டப்பா, இவ்வளவு நேரமா ஆறும் என்று எனக்கே சந்தேகம் வந்தது. அதை அணைக்காமல் ஓடவிட்டிருந்தால் அது எப்படி ஆறும் என்பது இப்போது எழுதும்போதுதான் தோன்றுகிறது. அப்போதுதான் தமிழினி மறுபடி போன் செய்தாள். "அப்பா, அவரு பனியில சைக்கிளோட வழுக்கி வுழுந்துட்டாருப்பா, முழங்கால்ல நல்ல அடி." போச்சு! நான் இங்கே ஆற வைத்துக்கொண்டிருக்கிறேன், அங்கே சாமி அடுத்த வாய்தாவுக்குக் கூப்பிட்டுவிட்டார். சரக்கு கீறினால் கீறட்டும், மாப்பிள்ளை முழங்கால்தான் முக்கியம் என்று இளஞ்சூட்டிலேயே கதவைத் திறந்து உள்ளே போய் 'மேக் இன்ஸ்டால்' தட்டினேன். அனுமதி இல்லை என்றது. என் கம்ப்யூட்டர், என் கரண்டு, எனக்கு அனுமதி இல்லையாம். நீங்கள் எழுதியபடி முன்னால் 'சூடோ' சேர்த்துக் கேட்டதும் மறுபேச்சில்லாமல் வழிவிட்டது. ஷெல்லின் பேரும் அதன் நம்பரும் திரையில் பளிச்சென்று வந்தன. ஒரு கீறல் இல்லை.

இன்று காலை சூளையைப் பற்றவைத்து உங்கள் புரோகிராமை ஓடவிட்டோம். திரையில் கோடு ஏறியது. வேண்டிய இடத்தில் அதுவே கேஸைக் குறைத்தது, அதுவே கூட்டியது. நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். பகல் பூராவும் அது என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சந்தோஷம்தான். கொஞ்சம் வயிற்றெரிச்சலாகவும் இருந்தது, உங்களிடம் மறைப்பானேன்.

நாளைக் காலையில் முதல் வேலையாக மணவாளநல்லூர் போய் ராஜினாமா கொடுத்துவிடுகிறேன். பல் டாக்டரிடம் இன்றைக்குப் போகாதீர்கள், ஊசி கீசி தவறிவிடப் போகிறது. நாளை மத்தியானத்துக்கு மேல் தைரியமாகப் போகலாம். பிரசவத்துக்கு நாங்கள் வருவதைப் பற்றி ஒரு வார்த்தை. சித்திரையில் ஃபியூஸ் கட்டை ஆர்டர் ஒன்று இருக்கிறது. புரோகிராமையும் இன்னும் ரெண்டு மூன்று சூளைக்கு நான் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் நம்பிக்கை வரும். ஆகவே டிக்கெட்டுக்கு இப்போது அவசரம் வேண்டாம். உங்கள் அத்தையிடம் நான் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

நீங்கள் இருவரும், வரப்போகும் மூன்றாமவரும் நோய் நொடி இல்லாமல், கல் தடுக்காமல், முள் குத்தாமல் இருக்கப் பழமலைநாதரை வேண்டிக்கொள்கிறேன். கொளஞ்சியப்பரை இப்போதைக்கு இதில் இழுக்க எனக்கு நாக்கு எழவில்லை. சம்பந்தி வீட்டாருக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்லவும். பிராதில் சம்பந்தி பெயரையும் எழுதியதைச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நலனையே நினைத்துக்கொண்டிருக்கும் (இப்போது ரொம்பவே நினைத்துக்கொண்டிருக்கும்) மாமனார்,
தெய்வநாயகம்

பின்குறிப்பு: என் போன் கிளேஸில் விழுந்துவிட்டபடியால், இதைப் போட்டோ எடுக்க உங்கள் அத்தையின் போனைத்தான் கேட்க வேண்டியதாயிற்று. எடுத்துக் கொடுக்கும் சாக்கில் முழுக்கப் படித்துவிட்டாள். டிக்கெட்டுக்கு அவசரம் இல்லை என்ற இடத்தில் கொஞ்சம் நின்று, இன்னொரு தடவை படித்தாள். அப்புறம், "எடத்துக்கு எடம் அது கெடக்கட்டும், அது கெடக்கட்டும்னு எழுதியிருக்கீங்களே, அதெல்லாம் யாரு வேலைன்னு நெனச்சீங்க?" என்றாள்.

உங்கள் வழிமுறை வந்த அன்றைக்கே அவளும் மணவாளநல்லூர் போய் ஒரு பிராது கட்டியிருக்கிறாள் மாப்பிள்ளை. எதிராளி, தெய்வநாயகம், செராமிக் எஸ்டேட், விருத்தாசலம். குறை, சூளையைச் சாக்குச் சொல்லிக்கொண்டு பெண்ணின் பிரசவத்துக்கு வர மாட்டேன் என்கிறார். நகம், போன், பஞ்சர், செருப்பு என்று நான் மேலே திரும்பப் போய்ப் படித்துப் பார்த்தேன். அத்தனையும் எனக்கு வந்த சம்மன். நான் அதை வாங்காமல் பெல்ஜியத்துக்குத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

"நாளைக்கி என்னோட வந்து ஒன்னோடதுக்கும் சேத்து ராஜினாமா குடுத்துடு வாசுகி" என்று கெஞ்சினேன். "கொற தீரலயே" என்றாள். எப்போது தீரும் என்று கேட்டேன். "பேரப்புள்ளையத் தூக்கிக்கிட்டு வந்து குடுக்குறேன். அதுவரைக்கும் பாத்து நடங்க" என்று சொல்லிவிட்டுச் சூட்கேஸை மறுபடி துடைக்கப் போய்விட்டாள்.

ஆகையால் மேலே உங்களுக்குச் சொன்ன பத்தியமெல்லாம் எனக்குத்தான். நீங்கள் தாராளமாகச் சைக்கிள் ஓட்டலாம், பல் டாக்டரிடம் இன்றைக்கே போகலாம். சித்திரை ஆர்டரைச் சேரனும் உங்கள் ஷெல்லும் பார்த்துக்கொள்வார்கள். இரண்டு டிக்கெட், கிடைக்கிற முதல் ஏரோப்ளேனில் போடவும். நாளை என்று தள்ள வேண்டாம். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே என் நாற்காலியின் கால் ஒன்று ஆடுகிறது. அது கிடக்கட்டும் என்று விட எனக்கு இனிமேல் தைரியம் இல்லை.